தோள் மாறிய பை

எங்கள் அலுங்கின் உடம்பில் அறுபத்திரண்டு செதில்கள். காட்டில் எறும்பு தின்னும் நிஜ அலுங்குக்கு அதைவிட நிறைய உண்டு. ஆனால் நிஜ அலுங்கை யாரும் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு முறை வரைய வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது. அறுபத்திரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் எழுநூற்று நாற்பத்துநான்கு. அது ஒரே ஒரு நொடிக்கு. எங்கள் தொடரின் ஒவ்வொரு பகுதியும் பதினோரு நிமிடம் ஓடும்.

கோயமுத்தூர் கணபதியில், மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறையின் மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. பெயர் ‘கரிக்கோடு’. மொத்தம் ஆறு பேர். ஸ்டூடியோவை ஆரம்பித்தவர் பூங்கோதை அக்கா, கதையும் அவருடையதுதான். மலை, மரம், வானம் என்று பின்னணியெல்லாம் தீட்டுபவர் ஸ்டெல்லா. நடப்பது, ஓடுவது, விழுவது என்று அசைகிற எல்லாவற்றையும் வரைவது நான், நாச்சிமுத்து. அந்த வருடம் தமிழில் குழந்தைகளுக்காகக் கையால் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த ஸ்டூடியோ எங்களுடையது மட்டும்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லோரும் ‘உனக்காக’வுக்குள் போய்விட்டார்கள்.

உனக்காக எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே அருமையான இயந்திரம். டிவியின் மேல்விளிம்பில் மிளகளவு கேமரா ஒன்று இருக்கும். அது குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் எதில் நிற்கிறதோ அது கதையில் பெரிதாகும். கண் எதைவிட்டு நழுவுகிறதோ அது அடுத்த நொடியே காணாமல் போகும். ஆற்றில் சலிப்பு வந்தால் ஆறு ரயிலாகிவிடும். ரயிலில் சலித்தால் அதற்குச் சிறகு முளைக்கும். யாரும் முன்கூட்டி எதையும் வரைந்து வைப்பதில்லை. எல்லாம் அந்தக் குழந்தைக்கென்று அந்த நொடியில் பிறந்து, அந்த நொடியிலேயே மறையும். ஒரு கண்ஜோடியின் போக்கில்தான் அதனால் கதையை மாற்ற முடியும். இரண்டு முகம் தெரிந்துவிட்டால் திரையில் ‘ஒருவர் மட்டும் அமரவும்’ என்று எழுத்து வந்து நிற்கும்.

அதன் மறுபக்கம் எங்களுக்குத் தெரியவந்தது ஸ்டெல்லாவின் மகள் ரோஸ்லினுக்கு ஏழு வயது நிறைந்த அன்றைக்கு.

“எட்டுப் புள்ளைங்க வந்துச்சுங்க அக்கா,” என்றார் ஸ்டெல்லா, மறுநாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே. “கேக்குல யாரு படம் போடட்டும்னு கேட்டேன். எட்டும் எட்டுப் பேரைச் சொல்லுது. ஒண்ணு சொன்ன பேரு இன்னொண்ணுக்குத் தெரியல.”

“அப்புறம்?” என்றார் பூங்கோதை அக்கா.

“வெறும் ரோஜாப்பூ போட்டேன். எதுக்கும் புடிக்கல. அதுல மட்டும் எட்டும் ஒத்துமை.”

நான் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“வெளையாடுங்கன்னு விட்டேன் நாச்சி. நான்தான் எங்க டிவி ஜிங்காரோன்னு ஒண்ணு எந்திரிச்சு நிக்குது. ஜிங்காரோன்னா யாருங்குது இன்னொண்ணு. அதைச் சொல்லிப் புரிய வெக்கிறதுக்குள்ள அதுக்கே அலுத்துப் போச்சு. எட்டும் எட்டு மூலையில போயி உக்காந்துருச்சுங்க. எங்க வீட்டுல எட்டு மூலை இருக்குதுன்னே நேத்துத்தான் எனக்குத் தெரியும்.”

பூங்கோதை அக்கா ஒரு தாளை எடுத்து, தோளில் தபால்பை மாட்டிய அலுங்குக் குட்டி ஒன்றை வரைந்தார்.

“எல்லாருக்கும் ஒரே கதை. யாரு பாத்தாலும் மாறாது,” என்றார்.

அப்படிப் பிறந்தவன்தான் குண்டுமணி. மலைக்காட்டின் தபால்காரன். பயந்தால் பந்தாகச் சுருண்டு உருண்டுவிடுவான். பையிலிருக்கும் கடிதங்கள் சிதறி, கரடிக்குப் போக வேண்டியது மைனாவுக்குப் போய்விடும். மீதிக் கதை அதிலிருந்து கிளம்பும்.

எட்டுப் பகுதிகளுக்கு மூன்று வருடம் ஆனது. முதலில் குரல்தான். படத்தை வரைந்துவிட்டுக் குரல் சேர்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. பேசுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தால்தான் முகத்தை வரைய முடியும். கீழே பட்டறை ஓடும்போது ஒலிப்பதிவு செய்தால் காட்டில் மோட்டார் ஓடும். எனவே மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை, கீழே இருப்பவர்கள் சாப்பிடும் நேரத்தில், எங்கள் காடு பேசும். பிறகு குண்டுமணிக்கு எட்டு வாய் வரைந்தோம்: மூடிய வாய், குவிந்த வாய், அகன்ற வாய் என்று. அந்த எட்டை மாற்றி மாற்றி வைத்தால் அவன் எதை வேண்டுமானாலும் பேசுவான். கணினியில், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதுபோல வானம் ஓர் அடுக்கு, மரம் ஓர் அடுக்கு, உடம்பு ஓர் அடுக்கு, பை ஓர் அடுக்கு. எல்லாம் சேர்ந்தால் ஒரு படம்.

முதல் பகுதியை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். ‘தூறல்’ என்ற குழந்தைகள் அலைவரிசையில் பரிசோதனை. திருப்பூர் தாண்டியதும் பூங்கோதை அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

“இது உனக்காக கம்பெனி அனுப்புன ஒப்பந்தம். நம்ம படமெல்லாம் அவங்க மெஷினுக்குத் தீனி. தூறல்ல வேண்டாம்னுட்டா நான் கையெழுத்துப் போடறேன். திங்கக்கிழமை ஸ்கேனர் வண்டி வந்துரும். அதுக்கப்புறம் நம்ம யாரும் வரைய வேண்டியதில்ல.”

“குண்டுமணி?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொண்ணா மாறிருவான்.”

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூறலில் பரிசோதனை அதிகாரி மெஹருன்னிசா. நாற்பது வயதிருக்கும். கனிவானவர், விதியை விடாதவர். இருபத்துநான்கு குழந்தைகளை இருபத்துநான்கு சின்ன அறைகளில் தனித்தனியே உட்கார வைத்துப் படம் காட்டுவது அங்கே வழக்கம். கண் எவ்வளவு நேரம் திரையில் இருந்தது என்று நொடிக்கு நொடி கேமரா அளக்கும். நூற்றுக்கு எண்பது வேண்டும். உனக்காக எப்போதும் தொண்ணூற்றேழு வாங்கும்.

ஆனால் அன்று ஒரு சிக்கல் வந்தது. அந்த அறைகளில் இருந்த திரைகள் உனக்காக மட்டுமே ஓடும்படி செய்யப்பட்டவை. முழுதாக வரைந்து முடித்த ஒரு படத்தை எப்படி ஓட்டுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

“கேன்டீன்ல பழைய டிவி ஒண்ணு இருக்கு,” என்றார் மெஹருன்னிசா கடைசியில். “எல்லாருக்கும் ஒரே படம்தானே. பாய் விரிச்சு ஒண்ணா உட்கார வெச்சுடலாம். ஆளுக்கொரு கேமரா இருக்கும், கணக்குல வித்தியாசம் வராது.”

குழந்தைகள் கேன்டீனில் பார்த்தார்கள். நாங்கள் பக்கத்து அறைத் திரையில் மதிப்பெண்ணைக் காட்டும் சிவப்புக் கோட்டை மட்டும் பார்த்தோம். அது ஏறியது, இறங்கியது. ஏழாவது நிமிடத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல விழுந்தது. படம் முடிந்தபோது சராசரி எழுபத்தொன்று.

“மன்னிச்சுக்குங்க,” என்றார் மெஹருன்னிசா. “எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிச்சுது. ஆனா இங்க பாருங்க. ஏழு நிமிஷம் பன்னிரண்டாவது நொடி. எண்பத்தெட்டுல இருந்து நாலுக்கு வந்துடுச்சு. இருபத்துமூணு பேர் திரையை விட்டுத் திரும்பிட்டாங்க. ஒரே ஒரு குழந்தைதான் பார்த்துட்டிருந்தது.”

பூங்கோதை அக்காவின் கை கைப்பையின்மேல் போனது.

அந்த நொடியில் என்ன காட்சி என்று எனக்கு மனப்பாடம். குண்டுமணி கடிதம் கொடுக்கப் பலாமரத்துக்குப் பின்னால் போகிறான். அடுத்த காட்சியில் திரும்பி வருகிறான். அவன் திரும்பி வருவதை நான் மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை ஓட்டினேன்.

“அக்கா, அது என் தப்புங்க,” என்றேன். “பையை மாத்தாம விட்டுட்டேன்.”

“எந்தப் பையை?” என்றார் மெஹருன்னிசா.

“சொல்லறதைவிடக் காட்டிர்றேன்ங்க.” பூங்கோதை அக்காவின் கைப்பையை வாங்கி என் வலது தோளில் மாட்டிக்கொண்டேன். “நான்தான் குண்டுமணி. உங்க இடதுகைப் பக்கத்துல இருந்து வலதுகைப் பக்கம் நடக்கறேன். பை தெரியுதுங்களா?”

“தெரியுது. என் பக்கத்துத் தோள்லதானே இருக்கு.”

“இப்பத் திரும்பி வர்றேன்.” சுவர்வரை போய்த் திரும்பி நடந்தேன். “இப்ப?”

“உடம்பு மறைக்குது. வார் மட்டும் தெரியுது.”

“அப்படித்தான் தெரியோணும். ஆனா திரும்பி வர்ற நடையை நான் புதுசா வரையலைங்க. அறுபத்திரண்டு செதிலோட வரைஞ்சா பதினோரு நாள் ஆகும். அதனால போற நடையையே கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலமாத் திருப்பிப் போட்டேன். ஒரே பொத்தான். அதுக்காகவே அக்கா அவனை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்காங்க. பை மட்டும் தனி அடுக்கு. உடம்பைத் திருப்புன கையோட பையை அந்தப் பக்கத்துத் தோளுக்குத் தள்ளோணும். மத்த எழுபது இடத்துலயும் தள்ளுனேன். இந்த ஒண்ணுல மறந்துட்டேன்.”

“பைய இடது தோளுக்கு மாத்திட்டுக் கமுக்கமா வந்திருக்கான்,” என்றார் ஸ்டெல்லா. “மூணு வருஷமா நானும் பாக்கலையே.”

நான் பையைக் கழற்றிப் பூங்கோதை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. திரையில் இருந்த அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மேடம்,” என்றார். “சலிப்புன்னா இப்படியா வரும்? ஒரு புள்ளைக்கு மூணாவது நிமிஷத்துல சலிக்கும், இன்னொண்ணுக்கு ஒம்போதாவதுல சலிக்கும். இருபத்துமூணு பேருக்கும் ஒரே நொடியில சலிக்குமுங்களா?”

மெஹருன்னிசா அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“திரையை விட்டு எங்கே திரும்புனாங்கன்னு பாக்க முடியுமுங்களா?”

“கண் கேமரா அதைப் பதிவு செய்யாது. திரையில இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்.” கொஞ்சம் யோசித்தார். “கேன்டீன் கூரையில பாதுகாப்பு கேமரா இருக்கு.”

அந்தப் பதிவைப் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் இருபத்துநான்கு தலைகள், பாயெங்கும் சிதறிய நாவல்பழங்கள் மாதிரி. ஏழு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் அத்தனை பழங்களும் உருண்டன. குழந்தைகள் திரும்பியிருந்தார்கள், ஒருவரை நோக்கி ஒருவர். பல கைகள் தோளைத் தொட்டன. சத்தத்தைக் கூட்டினார் மெஹருன்னிசா.

“டேய், பை அந்தத் தோளுக்குப் போயிடுச்சுடா.”

“நானும் பார்த்தேன். நீயும் பார்த்தியா?”

“எப்ப மாத்துச்சு? நாம பார்த்துட்டேதானே இருந்தோம்.”

“மரத்துக்குப் பின்னாடி போச்சுல்ல, அப்ப.”

“ஏன் மாத்துச்சு?”

“தோள் வலிச்சிருக்கும். உனக்கு ஸ்கூல் பேக் வலிக்காதா, லூசு?”

இருவர் எழுந்து, இல்லாத பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி நடந்து காட்டினார்கள். உடனே நான்கு பேர் அதையே செய்தார்கள். ஒரே ஒரு சிறுமி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பையன் அவளை உலுக்கினான்.

“சும்மா இருடா,” என்றாள் அவள். “மறுபடியும் மாறுதான்னு பார்த்துட்டிருக்கேன். யாராவது ஒருத்தர் பார்க்கணும்ல.”

கோடு விழுந்த மற்ற இடங்களையும் மெஹருன்னிசா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கரடியின் கடிதம் மைனாவிடம் போன இடம். குண்டுமணி முதல்முறை உருண்ட இடம். எல்லாவற்றிலும் அதேதான். சிரிப்பு வந்ததும் குழந்தைகள் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்திருக்கிறார்கள். அதைத்தான் இயந்திரம் தோல்வி என்று எண்ணியிருந்தது.

“என் பொண்ணும் எதிர்வீட்டுப் பொண்ணும் ஒரே சோபாவுல உட்கார்ந்துதான் பார்ப்பாங்க,” என்றார் மெஹருன்னிசா, யாரிடமோ சொல்வதுபோல. “கையில தனித்தனியா டேப்லெட் இருக்கும். ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டாங்க. ரொம்பச் சமத்துன்னு நான் பெருமையா சொல்லிட்டிருக்கேன்.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா விதி விதிதான். கண் திரையை விட்டுப் போனா கணக்குல வராது.”

“எப்பவுமேவா?” என்றார் ஸ்டெல்லா.

“ஒரு விலக்கு இருக்கு. நிகழ்ச்சியில வர்ற பாத்திரத்தோட பொம்மை குழந்தை கையில இருந்து, அதைப் பார்த்தா, திரையைப் பார்த்ததாத்தான் அர்த்தம். பொம்மை விற்கறவங்க கேட்டு வாங்கின விதி. ‘நிகழ்ச்சி தொடர்பானதைப் பார்த்தல்’னு எழுதியிருக்கும்.”

“பொம்மையப் பாத்தா கணக்கு. பக்கத்துல இருக்கற புள்ளையப் பாத்தா கணக்கில்லையா மேடம்? அந்தப் புள்ளை அப்ப குண்டுமணியாவே நடந்துட்டு இருக்குது.”

மெஹருன்னிசா ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்து அந்த வரியை இரண்டு முறை படித்தார். பொம்மை என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. அவர் இயந்திரத்திடம், கூரை கேமராவின் பதிவையும் சேர்த்து மறுபடி கணக்கிடச் சொன்னார்.

தொண்ணூற்றாறு.

“எட்டு வாரம்,” என்றார் மெஹருன்னிசா. “சனிக்கிழமை காலை பத்து மணி. எட்டு வாரத்துல பார்க்கறவங்க குறைஞ்சா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஊர் திரும்பும் ரயிலில் நான் பைக்காட்சியைச் சரிசெய்யக் கணினியைத் திறந்தேன். பூங்கோதை அக்கா அதை மூடினார்.

“அதைத் தொடாதே.”

“தப்புங்க அக்கா அது.”

“தப்புதான். ஆனா அவனுக்குத் தோள் வலிச்சுதுன்னு ஒரு புள்ளை சொல்லிருச்சு. இப்ப நீ திருத்துனா அந்தப் புள்ளையப் பொய் சொல்ல வெச்ச மாதிரி ஆயிரும்.”

முதல் சனிக்கிழமை முப்பத்தோராயிரம் வீடுகளில் குண்டுமணி ஓடினான். நாங்கள் பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்து மைசூர்பாகு வாங்கினோம். இரண்டாவது சனிக்கிழமை இருபத்திரண்டாயிரம். மூன்றாவது, பதின்மூன்றாயிரம். யாரும் மைசூர்பாகு வாங்கவில்லை. பூங்கோதை அக்கா அந்த ஒப்பந்தத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார், பேனாவோடு.

நாங்கள் செய்த பிழை என்னவென்று மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். குழந்தைகள் கேன்டீனில் இருபத்துநான்கு பேராக இருந்தார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தனியாக இருப்பார்கள். பை தோள் மாறும்போது திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் யாருமில்லை. சுவரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா?

திங்கட்கிழமை மெஹருன்னிசா அழைத்தார். பூங்கோதை அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“பூங்கோதை, உங்க நிகழ்ச்சியால எங்க புகார் பிரிவு ஸ்தம்பிச்சுப் போயிருக்கு.”

“என்னங்க ஆச்சு?”

“ஒரு அம்மா பேசினதைப் படிக்கறேன், கேளுங்க. ‘எங்க வீட்டுல ஒன்பது பிள்ளைங்க உட்கார்ந்து குண்டுமணி பார்க்குதுங்க. ஒருவர் மட்டும் அமரவும்னு எழுத்து வந்து அலுங்கு மூஞ்சியை மறைக்குது. எந்தப் பிள்ளையை நான் வெளியே அனுப்பறது? முதல்ல அந்த எழுத்தை எடுங்க.’ இதே மாதிரி பதினோராயிரம் புகார். எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. நாங்க எண்ணினது டிவியை. அந்த எழுத்து எப்ப வரும்? ரெண்டாவது முகம் தெரிஞ்சாத்தான் வரும். அப்ப கேமரா முகத்தையும் எண்ணிட்டுத்தானே இருக்கு. அந்தக் கணக்கை எடுத்தேன்.”

“எத்தனைங்க?”

“முதல் வாரம் முப்பத்தோராயிரம் டிவி, முப்பத்துமூவாயிரம் முகம். போன வாரம் பதின்மூவாயிரம் டிவி. எழுபத்தெட்டாயிரம் முகம்.”

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். பூங்கோதை அக்கா பேனாவுக்கு மூடி போட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமையே யாரோடாவது சேர்ந்து பார்ப்பது நல்லது என்று குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். டிவிகள் அணைந்ததற்குக் காரணம், அவற்றின் முன் இருந்தவர்கள் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனதுதான்.

மெஹருன்னிசா அந்த எழுத்தை எடுக்க வைத்தார். அதற்கு அவர் நான்கு கூட்டங்களில் பேச வேண்டியிருந்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். கூரை கேமரா இல்லாத வீடுகளில் திரும்பிய கண்களை எப்படி எண்ணுவது என்று யாருக்கும் தெரியாததால், கண் மதிப்பெண் கோட்டை மட்டும் பழையபடியே வரைந்துகொண்டிருந்தார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

எட்டாவது பகுதி ஒளிபரப்பாக மூன்று வாரம் இருந்தது. அதில் நான் நான்கு நொடி புதிதாகச் சேர்த்தேன். திருப்பிப் போடாமல், அறுபத்திரண்டு செதிலோடும் கையால் வரைந்தேன். அதே பலாமரம். ஆனால் இந்த முறை நாம் மரத்துக்குப் பின்னால் இருக்கிறோம். குண்டுமணி வருகிறான், நிற்கிறான், வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான். யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விடுகிறான். பையைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மரத்தைச் சுற்றி வெளியே நடக்கிறான்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் முகங்கள் திரையின் முன் இருந்தன. தனியாகப் பார்த்த வீடுகள் முப்பத்தேழு மட்டும்தான். பை தோள் மாறிய அந்த நொடியில் கோடு விழுந்தது. நான்கில் நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தொட்டது. மாநிலம் முழுக்க ஒரு குழந்தைகூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். அந்த முப்பத்தேழு பேரும்கூட யாரையோ கூப்பிட வாசல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

மெஹருன்னிசா அந்தக் கோட்டைப் பெரிய தாளில் அச்சிட்டு அனுப்பினார். மூலையில், ‘அந்தச் சிறுமியும் இந்த முறை திரும்பிவிட்டாள்’ என்று கையால் எழுதியிருந்தார்.

அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டோம். பின்பக்கம் வைக்க அட்டை போதவில்லை. மேசைமேல் கிடந்த ஒப்பந்தத்தை நான்காக மடித்து வைத்ததும் கச்சிதமாக இருந்தது. மாடிப்படி ஏறியதும் முதலில் கண்ணில் படும் இடத்தில் மாட்டினோம்.

மறுநாள் ஏதோ கேட்க மேலே வந்த பட்டறைக்காரர் துரைராசு அதன் முன்னால் நின்றுவிட்டார். சிவப்புக் கோடு துடித்துத் துடித்து வந்து, ஒரு இடத்தில் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்.

“ஏனுங்க, யாருக்குங்க இப்படி ஆயிருச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அது ஆஸ்பத்திரிக் காகிதமில்லைங்க அண்ணா,” என்றார் பூங்கோதை அக்கா, அடுத்த தொடருக்கான தாள்களிலிருந்து தலையைத் தூக்காமல். “எங்க மார்க்குங்க அது. பூஜ்யம்.”